முதல் நிமிடத்துக்கான ஒத்திகை: பிரசவ அறையில் பொம்மையோடு கற்றவை

பிறக்கும் குழந்தைகளில் 100-க்கு ஏறத்தாழ 85 குழந்தைகள் யாருடைய உதவியும் இன்றித் தாமாகவே மூச்சு விட்டு அழுதுவிடுகின்றன. இன்னும் 10 குழந்தைகள், ஈரம் போகத் துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டால் அழத் தொடங்கிவிடும். மீதமுள்ள 5 குழந்தைகளுக்குத்தான் முகத்தில் மாஸ்க் வைத்து, அதோடு இணைந்த ஆம்பு பை என்ற காற்றுப் பையைக் கையால் அழுத்திக் காற்றுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவற்றிலும் மிகச் சிலவற்றுக்கே மூச்சுக்குழாயில் டியூப் போடுவதும், ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்றுக்கே மார்பை அழுத்துவதும் தேவைப்படும். கேட்பதற்கு ஆறுதலாக இருக்கும் இந்தக் கணக்கில்தான் சிக்கலும் இருக்கிறது. மாதம் 15 பிரசவம் நடக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 20 பிரசவத்துக்கு ஒன்று என்று வைத்தால், அங்கே ஆம்பு பை பிடிக்க வேண்டிய நேரம் ஏறத்தாழ 40 நாளுக்கு ஒருமுறை வரும். மூன்று ஷிப்டுக்கு மூன்று செவிலியர் என்றால், ஒருவருக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை. சமைப்பவர் நான்கு மாதம் அடுப்படிக்குப் போகாவிட்டாலும் கைப்பக்குவம் ஓரளவு நிற்கும். ஆனால் வழுக்கும் முகத்தில், உள்ளங்கை அளவு மாஸ்க்கைக் காற்றுக் கசியாமல் பிடிக்கும் திறமை அவ்வாறு நிற்பதில்லை. அது வேண்டிய நேரத்தில் 60 வினாடிக்குள் வேண்டும், அதுவும் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் வேண்டும்.

பொம்மையை வைத்து ஒத்திகை பார்ப்பது ஏன் விளையாட்டு வேலை இல்லை என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும் என்று நினைக்கிறேன். நான் அரசு மருத்துவமனையின் லேபர் வார்டில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்து, பின்னர் அதே வார்டில் புதிதாக வரும் செவிலியர்களுக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் பச்சிளங்குழந்தைகளின் மூச்சு மீட்புப் பயிற்சியைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பையும் ஏற்றவள். இந்தப் பணியில் எது பலன் தந்தது, எது தரவில்லை என்பதை, இதே வேலையில் இருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும்படி எழுத முயல்கிறேன்.

இந்தியாவில் நம்மில் பெரும்பாலோர் இதை முறையாகக் கற்றது, மத்திய அரசு 2009-இல் தொடங்கிய நவஜாத் சிசு சுரக்ஷா காரியக்ரம் என்ற 2 நாள் பயிற்சியில்தான். அடுத்த ஆண்டு, அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் முயற்சியில், வசதி குறைந்த மருத்துவமனைகளை மனத்தில் வைத்து ‘ஹெல்பிங் பேபிஸ் பிரீத்’ என்ற பயிற்சித் திட்டம் வந்தது. பிறந்த முதல் நிமிடத்துக்குள் குழந்தை தானாக மூச்சு விட வேண்டும், இல்லாவிட்டால் அதற்குள் நாம் காற்றுக் கொடுக்கத் தொடங்கியிருக்க வேண்டும் என்பதைத்தான் அது ‘கோல்டன் மினிட்’ என்று பெயரிட்டு எல்லார் மனத்திலும் பதிய வைத்தது. அதற்கென்றே நார்வேயின் லேர்டால் நிறுவனம் நியோநட்டாலி என்ற பொம்மையைச் செய்தது. மின்சாரம் வேண்டாம், கணினி வேண்டாம். உள்ளே வெதுவெதுப்பான தண்ணீரை நிரப்பினால் கையில் தூக்கும்போது பச்சைக் குழந்தையின் கனமும் தளர்வும் அப்படியே இருக்கும், கழுத்து துவளும். பயிற்றுநர் தம் கையில் இருக்கும் சிறு ரப்பர்க் குமிழ்களை அழுத்தினால் பொம்மை மூச்சு விடும், அழும், தொப்புள்கொடியில் துடிப்பு தெரியும். அழுத்துவதை நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும். மாஸ்க் சரியாகப் பொருந்தி, தலையும் சரியான நிலையில் இருந்தால் மட்டுமே மார்பு எழும்பும். இந்தக் கடைசிக் குணம்தான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. ஏனென்றால் அது பொய் சொல்வதில்லை.

கை எங்கே தவறுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல்முறை மாஸ்க் பிடிப்பவர்களில் அநேகமாக எல்லாரும் அதை மேலிருந்து முகத்தின்மீது அழுத்துகிறார்கள். அழுத்தினால் கசியாது என்று தோன்றும். ஆனால் அப்படி அழுத்தும்போது தாடை கீழிறங்கி, கழுத்து மடிந்து, மூச்சுப் பாதை அடைபட்டுவிடும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கின் மேல் அரைவட்டமாக இருக்க, மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பைப் பற்றி, முகத்தை மாஸ்க்குக்குள் தூக்கிக் கொடுக்க வேண்டும். அதாவது மாஸ்க்கை முகத்துக்குக் கொண்டுபோவதைவிட, முகத்தை மாஸ்க்குக்குக் கொண்டுவர வேண்டும். அந்த மூன்று விரல்களும் தாடையின் அடியிலுள்ள மெத்தென்ற சதையில் பட்டால் நாக்கு மேலே தள்ளப்பட்டு வழியை அடைக்கும். எலும்பில்தான் பட வேண்டும். தோளின் கீழ் ஓரங்குல உயரத்துக்கு மடித்த துணி வைத்தால் கழுத்து இலேசாக நிமிர்ந்து நிற்கும். அதற்கு மேல் நிமிர்த்தினால் மறுபடி அடைப்புதான்.

அடுத்தது, அழுத்தும் அளவு. பச்சிளங்குழந்தைக்கான ஆம்பு பை பொதுவாக 250 மில்லிலிட்டர் அளவுடையது. ஆனால் 3 கிலோ குழந்தைக்கு ஒரு மூச்சுக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 12 முதல் 18 மில்லிலிட்டர்தான். பதற்றத்தில் பை முழுவதையும் பிழிபவர்களைப் பார்த்திருக்கிறேன். நுரையீரலில் ஓட்டை விழவும் அது காரணமாகலாம். இரண்டு விரலால், மார்பு மெல்ல எழும்பும் அளவுக்கு அழுத்தினால் போதும். நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை என்பதைக் கடிகாரம் பார்த்துக் கணக்கிட முடியாது, “அழுத்து, இரண்டு, மூன்று, அழுத்து, இரண்டு, மூன்று” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தால் வேகம் தானாக அமைந்துவிடும். வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுபவர்கள் உண்டு. பொம்மையின் முன் கூச்சப்படுபவர் குழந்தையின் முன் வேகம் கூட்டிவிடுவார் என்பதால், பயிற்சியில் இதை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

மார்பு எழும்பவில்லையா? அப்போது செய்ய வேண்டியவற்றை ஒரு வரிசையாகக் கைக்குப் பழக்க வேண்டும். மாஸ்க்கை எடுத்து மறுபடி வைத்தல், தலையின் நிலையைச் சரிசெய்தல், வாயிலும் பிறகு மூக்கிலும் உள்ள கசடை உறிஞ்சுதல், வாயைச் சற்றுத் திறந்துவைத்தல், பின்னர்தான் சற்றுக் கூடுதலாக அழுத்துதல். பயிற்சி இல்லாதவர்கள் நேராகக் கடைசிப் படிக்குப் போய்விடுகிறார்கள்.

இவையெல்லாம் 2 நாள் பயிற்சியில் நன்றாகவே கற்பிக்கப்படுகின்றன. சான்றிதழும் கிடைக்கிறது. பிறகு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. இதற்கு மிகத் தெளிவான விடை தந்தது தான்சானியாவின் வடபகுதியில், உள்நாட்டில் இருக்கும் ஹைடம் லூதரன் மருத்துவமனை. அங்கே 2010-இல் எல்லாப் பணியாளர்களுக்கும் ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். மாதங்கள் கழித்துச் சோதித்தபோது பொம்மையிடம் அவர்கள் நன்றாகவே செய்தார்கள். ஆனால் உண்மையான பிரசவங்களைக் கூர்ந்து கவனித்துப் பதிவு செய்து பார்த்தபோது, பிரசவ அறையில் அவர்கள் செய்யும் முறை மாறவே இல்லை. வகுப்பில் கற்றது படுக்கைக்கு அருகில் வந்து சேரவில்லை. அந்த மருத்துவமனை அதோடு நிற்காமல், பொம்மையை லேபர் வார்டுக்கே கொண்டுவந்து வைத்து, வாரந்தோறும் சில நிமிடப் பயிற்சியும், மாதம் ஒருமுறை சற்று நீண்ட மறுபயிற்சியும் என்று மாற்றியது. அதன்பின் பிறந்த 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 11.1 என்பதிலிருந்து 7.2 ஆகக் குறைந்தன. அதே பொம்மை, அதே ஆட்கள். இடமும் இடைவெளியும்தான் மாறின.

இதைப் படித்த பிறகு நான் முதலில் செய்தது, எங்கள் பொம்மையைப் பீரோவிலிருந்து வெளியே எடுத்ததுதான். பல இடங்களில் பயிற்சிப் பொம்மை ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றப்பட்டு, பாலித்தீன் உறையோடு பூட்டப்பட்டு இருக்கும். தொலைந்துபோனால் பொறுப்பானவர் பதில் சொல்ல வேண்டும் என்ற அச்சம் அதற்குக் காரணம். அந்த அச்சத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் சாவி இன்னொருவரிடம் இருக்கும் பொம்மையால் யாருக்கும் கை பழகாது. கண்காணிப்பாளரிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்று, குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் வார்மருக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் அதை நிரந்தரமாக வைத்தோம். ஷிப்ட் மாறும்போது, ஹேண்ட் ஓவர் முடிந்ததும், பொறுப்பேற்கும் செவிலியர் ஒருவர் இரண்டு நிமிடம் மாஸ்க் பிடித்து மார்பை எழும்பவைத்துக் காட்டுவது என்று வழக்கப்படுத்தினோம். தினம் ஒருவர், அவ்வளவுதான். ‘இன்னிக்கு யாரு முறை?’ என்று கேட்பது, நாளடைவில் அபாய மருந்துகளை எண்ணிச் சரிபார்ப்பது போல வழக்கமாகிவிட்டது.

இந்தச் சிறு பயிற்சி தனி ஆளின் கைக்கு. வேறொரு வகை ஒத்திகை அந்த அறைக்கு. முன்னறிவிப்பு இல்லாமல் பொம்மையைத் துணியில் சுற்றி எடுத்துவந்து, “குழந்தை பிறந்துவிட்டது, அழவில்லை” என்று சொல்லிக் கையில் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தை அழுத்துவது. இதை நாங்கள் டிரில் என்போம். முதல் முறை ஓர் இரவு ஷிப்டில் இதைச் செய்தபோது நடந்ததை எழுதுகிறேன். பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆன ஒரு தங்கைதான் பொம்மையை வாங்கினாள். துடைத்தாள், ஈரத்துணியை மாற்றினாள், முதுகைத் தேய்த்தாள், எல்லாம் சரி. பொம்மை அசையவில்லை. ஆம்பு பையை எடுத்து அழுத்தினாள். மார்பு எழும்பவில்லை. மாஸ்க்கைச் சரிசெய்தாள், தலையைச் சரிசெய்தாள். அப்போதும் எழும்பவில்லை. “அக்கா, நான் சரியாத்தானே பிடிக்கிறேன்?” என்றாள், குரல் நடுங்க. அவள் பிடித்தது சரிதான். நான் பையை வாங்கி, மாஸ்க்கை உள்ளங்கையால் மூடி அழுத்திப் பார்த்தேன். எதிர்ப்பே இல்லை, காற்று முழுவதும் பின்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. கழுவி உலர்த்தி மறுபடி கோக்கும்போது உள்ளே இருக்கும் சிறு ரப்பர் வால்வை யாரோ விட்டுவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பை முழுமையாகத்தான் இருந்தது. வால்வு, கழுவும் தொட்டியின் ஓரத்தில் கிடந்தது.

அன்று ஒரு பொம்மை மட்டுமே மூச்சு விடாமல் போனது. அந்தப் பை மறுநாள் ஒரு குழந்தையின் முகத்தில் வைக்கப்பட்டிருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது. அதிலிருந்து, ஒவ்வொரு பிரசவத்துக்கு முன்பும் பையைச் சோதிப்பது எங்கள் அறையில் கட்டாயம்: உள்ளங்கையால் மாஸ்க்கை மூடி அழுத்தும்போது கைக்கு எதிர்ப்பு தெரிய வேண்டும், பலமாக அழுத்தினால் அழுத்தம் வெளியேற்றும் வால்வு ‘உஸ்’ என்று ஒலி எழுப்ப வேண்டும், விட்டவுடன் பை சட்டென்று உப்ப வேண்டும். இதற்கு ஐந்து வினாடி ஆகும். அடுத்தடுத்த டிரில்களில் வேறு பலவும் வெளிப்பட்டன. ஆக்சிஜன் சிலிண்டரின் சாவி சங்கிலியில் இல்லை. வார்மரின் பிளக்கில் யாரோ கைப்பேசியைச் சார்ஜ் போட்டிருந்தார்கள். குறைமாதக் குழந்தைக்கான 0 எண் மாஸ்க், ஸ்டெரிலைஸ் செய்யப் போனது திரும்பி வரவே இல்லை. இவற்றில் எதுவும் அந்த இரவில் பணியிலிருந்தவரின் திறமைக் குறைவால் வந்ததில்லை. டிரில்லைத் தேர்வாக நடத்துபவர்கள் ஆட்களிடம் குறையைத் தேடுகிறார்கள், அறையிடம் இருக்கும் குறை அவர்கள் கண்ணில் படுவதில்லை.

ஆக்சிஜனைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். சிலிண்டர் தயாராகும்வரை பையைப் பிடிக்காமல் காத்திருப்பது பல இடங்களில் நடக்கிறது. அது வேண்டியதே இல்லை. ஆம்பு பை தானாக உப்பிக்கொள்ளும். சிலிண்டர் இல்லாமலே அறைக் காற்றைத் தரும். நிறைமாதக் குழந்தைக்கும் அதற்குச் சற்றே முன்னர் பிறந்த குழந்தைக்கும் அறைக் காற்றிலேயே தொடங்க வேண்டும் என்பதுதான் இன்றைய நெறிமுறை. அதேபோல், குழந்தையைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்துத் தட்டுவதும், முகத்தில் தண்ணீர் தெளிப்பதும், மலம் கலந்த பனிக்குட நீர் என்றவுடன் எல்லாக் குழந்தைகளுக்கும் தொண்டை வரை சக்ஷன் குழாயை விட்டு உறிஞ்சி நேரத்தைக் கழிப்பதும் கைவிட வேண்டியவை. உள்ளங்காலை ஒன்றிரண்டு முறை சுண்டுவது, முதுகை மேலும் கீழும் தேய்ப்பது, இவை போதும். இவற்றுக்குப் பதில் இல்லையென்றால் அடுத்தது காற்றுத்தான்.

டிரில் முடிந்தபின் பேசும் பேச்சுதான் பயிற்சியின் பாதி. அதை எப்படிப் பேசுவது என்பது எங்கள் சூழலில் எளிதான காரியம் இல்லை. டியூட்டி டாக்டர் மேடம் இருக்கும் இடத்தில் ஜூனியர் செவிலியர் வாய் திறக்க மாட்டார். செவிலியர் இருக்கும் இடத்தில் ஆயாம்மா வாய் திறக்க மாட்டார். சக்ஷன் கருவியின் கால் பெடல் பழுதானது ஆயாம்மாவுக்குத் தெரிந்திருந்தும், கேட்காததால் அவர் சொல்லவில்லை என்பதை ஒரு டிரில்லுக்குப் பின்தான் அறிந்தோம். ஆகவே பேச்சை எப்போதும் பணியில் இளையவரிடமிருந்து தொடங்குவேன். “ஏன் இதைச் செய்யவில்லை?” என்று கேட்டால் பதில் மன்னிப்பாகத்தான் வரும். “அந்த நேரத்தில் உங்கள் கண்ணில் என்ன பட்டது, என்ன நினைத்தீர்கள்?” என்று கேட்டால் நடந்தது வெளியே வரும். யாரையும் பெயர்சொல்லித் திட்டக் கூடாது, நடந்ததை வார்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். ஒருமுறை மீறப்பட்டால் அடுத்த டிரில்லுக்கு யாரும் மனமார வரமாட்டார்கள். இன்னொன்றையும் இந்தப் பேச்சில்தான் கற்றோம். “யாராவது டாக்டரைக் கூப்பிடுங்க” என்று பொதுவாகச் சொன்னால் யாரும் போவதில்லை, அல்லது இரண்டு பேர் போய்விடுகிறார்கள். ஆளைப் பார்த்து, பெயரைச் சொல்லி, “நீங்க குழந்தை டாக்டருக்குப் போன் பண்ணிட்டு வந்து எங்கிட்ட சொல்லுங்க” என்று சொல்ல வேண்டும்; போனவர் திரும்பி வந்து, சொல்லியாயிற்று என்று சொல்ல வேண்டும்.

எல்லாரையும் ஒன்றாக, தாங்கள் வேலை செய்யும் இடத்திலேயே பழக்குவதற்குச் சிறந்த சான்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலுள்ள சவுத்மீட் மருத்துவமனை. தலை வெளிவந்த பிறகு தோள் தாயின் இடுப்பெலும்பில் சிக்கிக்கொள்ளும் அவசரநிலைக்கு, அங்கே மருத்துவச்சிகளும் மருத்துவர்களும் சேர்ந்தே பொம்மையில் ஆண்டுதோறும் பழகினார்கள். தலையைப் பிடித்து இழுக்காமல், தாயின் தொடைகளை வயிற்றோடு மடக்குவதையும் அடிவயிற்றில் அழுத்தம் கொடுப்பதையும் கைக்குக் கொண்டுவந்தார்கள். தோள் சிக்கிய பிரசவங்களில் குழந்தைக்குக் காயம் ஏற்படுவது 9.3 சதவீதத்திலிருந்து 2.3 சதவீதமானது. 12 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, கைக்குச் செல்லும் நரம்புக் கொத்தில் நிரந்தரப் பாதிப்பு அடைந்த குழந்தை ஒன்றுகூட இல்லை. இதே அவசரநிலைக்காக வேறு சில இடங்களில் நடத்தப்பட்ட பயிற்சிகள் எல்லாம் இந்தப் பலனைத் தரவில்லை. தனித்தனியாக அனுப்பி எங்கோ ஓர் அரங்கில் உட்காரவைப்பதற்கும், சேர்ந்து வேலை செய்பவர்கள் சேர்ந்தே பழகுவதற்கும் உள்ள தூரம் பெரிது என்று நான் நம்புகிறேன்.

நம் பக்கத்து மாநிலத்துச் சான்று ஒன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கர்நாடகத்தில், இன்று பெலகாவி எனப்படும் பெல்காம் பகுதியில், கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களையும் சேர்த்து 599 பேருக்கு ‘ஹெல்பிங் பேபிஸ் பிரீத்’ பயிற்சி தந்து ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2013-இல் வெளிவந்தன. பிரசவ நேரத்திலோ அதற்குச் சற்று முன்னரோ இறந்து பிறந்ததாகப் பதிவான குழந்தைகள் 1.7 சதவீதத்திலிருந்து 0.9 சதவீதமாகக் குறைந்தன. ஆனால் உயிரோடு பிறந்து 28 நாளுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் குறையவில்லை. இதை நான் புரிந்துகொள்வது இப்படி: முன்பு ‘செத்துப் பிறந்தது’ என்று எழுதப்பட்டு ஓரமாக வைக்கப்பட்டவற்றில், இதயம் துடித்துக்கொண்டிருந்த குழந்தைகளும் இருந்திருக்கின்றன. அவற்றுக்கு இப்போது மூச்சு கிடைத்தது. ஆனால் மூச்சு மீட்டபிறகு வேண்டிய வெப்பமும், பாலும், தொற்றுத் தடுப்பும், எஸ்.என்.சி.யூ. எனப்படும் பச்சிளங்குழந்தைகள் சிறப்புச் சிகிச்சைப் பிரிவின் கவனிப்பும் எல்லாருக்கும் எட்டவில்லை. எனவே எங்கள் டிரில்லை மார்பு எழும்பியதோடு முடிப்பதில்லை. அதன்பின் பொம்மையைத் தாயின் மார்போடு சேர்த்து வைப்பது, தொப்பி போடுவது, வெப்பம் பார்ப்பது, எஸ்.என்.சி.யூ.வுக்கு எடுத்துச் செல்லும்போது யார் தூக்குவது, யார் பையைப் பிடிப்பது, லிஃப்ட் யார் நிறுத்திவைப்பது என்பதுவரை நடத்திப் பார்க்கிறோம். அந்தக் கடைசிப் பகுதி, எங்கள் கட்டடத்தில் நாங்கள் எண்ணியதைவிட நெடுநேரம் எடுத்தது.

நான் முதலில் சொன்ன அந்தத் தங்கைக்கு, சில மாதம் கழித்து உண்மையான தருணம் வந்தது. கொடி கழுத்தில் சுற்றி, துவண்டு, வெளிறிப் பிறந்த குழந்தை. துடைத்தாள், பதில் இல்லை. பையைப் பிடித்தாள், முதல் அழுத்தத்துக்கு மார்பு எழும்பவில்லை. நான் கையுறை மாட்டி முடிக்கும் முன் அவளே தாடையைச் சற்றுத் தூக்கி, மாஸ்க்கை மறுபடி வைத்து, “அழுத்து, இரண்டு, மூன்று” என்று உரக்கச் சொல்லத் தொடங்கிவிட்டாள். அரை நிமிடத்தில் இதயத் துடிப்பை 6 வினாடி எண்ணி, பத்தால் பெருக்கி, “நூறுக்கு மேல, அக்கா” என்றாள். அழுகை வர இன்னும் நேரமாயிற்று. தாய் அந்த நேரமெல்லாம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தாயிடம் பேச ஒருவர் வேண்டும் என்பதை அதற்குப் பிறகுதான் டிரில்லில் சேர்த்தோம். “குழந்தை மூச்சு விடக் கொஞ்சம் உதவி பண்றோம்மா, டாக்டர் வந்துட்டிருக்கார்” என்ற ஒரு வாக்கியத்தையும் பழகித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொம்மையின் பயன் லேபர் வார்டோடு முடிவதில்லை. டிஸ்சார்ஜ் ஆகும் தாய்மாருக்கும், அவர்களோடு இருக்கும் அம்மா, மாமியார், பாட்டி ஆகியோருக்கும் அதைக் கொடுத்துப் பார்த்தோம். குழந்தையைக் குளிப்பாட்டுவது நம் வீடுகளில் பெரியவர்களின் உரிமை. காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டும் அந்த லாவகத்தை நான் மதிக்கிறேன்; என் பாட்டியும் அப்படித்தான் என்னைக் குளிப்பாட்டியிருப்பார். ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, தொண்டைக்குள் விரலை விட்டுச் சளி எடுப்பது, மூக்கில் வாய் வைத்து ஊதுவது, ஈரத்தோடு சாம்பிராணிப் புகை காட்டுவது, இவை ஆபத்தானவை. எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் நிமோனியா வரும். விரல் தொண்டையைப் புண்ணாக்கும், கிருமியைக் கொண்டுபோகும். இதைச் சுவரொட்டியில் எழுதி ஒட்டியபோது யாரும் கேட்கவில்லை. பொம்மையைக் கொடுத்து, “நீங்க எப்படிக் குளிப்பாட்டுவீங்கன்னு காட்டுங்கம்மா” என்று கேட்டபோது, பெரியவர்கள் மகிழ்ச்சியோடு காட்டினார்கள். எது நல்லதோ அதைப் பாராட்டிவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்துக்குக் கை போகும் இடத்தில் மட்டும் நிறுத்திக் காரணத்தைச் சொன்னோம். பாலாடையில் பால் புகட்டுவதும் அவ்வாறே: படுக்கவைத்து ஊற்றாமல், தலையை உயர்த்திப் பிடித்து, வாயின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, விழுங்கியபின் அடுத்தது என்று பொம்மையில் செய்துகாட்டினால் ஒரு முறையிலேயே புரிந்துவிடுகிறது.

புரையேறி மூச்சு அடைத்தால் செய்ய வேண்டியதையும் அப்போதே பழக்குகிறோம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை இருமவும் அழவும் முடியாமல் திணறினால், முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ இருக்குமாறு தாடையைத் தாங்கிப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. பிறகு மல்லாக்கத் திருப்பி மார்பின் நடுவில் 5 அழுத்தம். அடைப்பு வெளிவரும்வரை மாற்றி மாற்றி. உடன் இருப்பவர் 108-ஐ அழைக்க வேண்டும். குழந்தை நினைவிழந்தால் அழுத்தமும் மூச்சும் கொடுக்கும் முதலுதவிக்கு மாற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவக் கூடாது. எவ்வளவு பலமாகத் தட்டுவது என்பதைச் சொல்லால் விளக்கவே முடியாது. தாய்மார்கள் முதலில் தடவிக்கொடுப்பதுபோலத்தான் தட்டுகிறார்கள். பொம்மையிடம்தான் அந்தத் தயக்கம் போகிறது.

இதைத் தொடங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். பயிற்சிக்கு வைக்கும் ஆம்பு பையும் மாஸ்க்கும் தனியாக இருக்க வேண்டும், அவற்றில் ‘பயிற்சிக்கு மட்டும்’ என்று அழியாத மையில் எழுத வேண்டும். குழந்தைக்கான பை பொம்மைக்குப் போய்த் திரும்பக் கூடாது. பொம்மையில் நிரப்பிய தண்ணீரைப் பயிற்சி முடிந்ததும் வடித்து, உலர்த்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும். வார்டு நிரம்பி வழியும் நாளில் டிரில் வேண்டாம். பிரசவ வலியில் ஒருவர் இருக்கும்போது அவர் காதுபடக் கண்டிப்பாக வேண்டாம். டிரில்லில் கண்ட ஒவ்வொரு குறைக்கும் ஒரு பெயரும் ஒரு தேதியும் எழுதி நோட்டில் வைக்க வேண்டும், அடுத்த டிரில் அந்த நோட்டைப் படித்துத்தான் தொடங்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட, இதை ஓர் ஆளை நம்பி விடக் கூடாது. இடமாறுதல் கலந்தாய்வு வந்தால் ஆர்வமுள்ள செவிலியர் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவார், அவரோடு பயிற்சியும் போய்விடும். பொம்மை மறுபடி பீரோவுக்குள் போகும். ஆகவே பயிற்சிக்குப் பொறுப்பாக எப்போதும் இரண்டு பேர், அவர்களில் ஒருவர் பணியில் இளையவர் என்று வைத்தோம். ஷிப்ட் ஹேண்ட் ஓவர் படிவத்திலேயே ‘இன்று மாஸ்க் பிடித்தவர்’ என்று ஒரு கட்டம் சேர்த்தோம். நான் விடுப்பில் இருக்கும் நாட்களிலும் அந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்பதைத்தான் இப்போது திரும்பி வந்ததும் முதலில் பார்க்கிறேன்.